வெளியிலிருந்து வரும் டிரைவர்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் கணினியில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத, ஆனால் இன்னும் நன்றாக ஓடக்கூடிய கணினிகள் வீடுகளிலும் பள்ளிகளிலும் சிறிய அலுவலகங்களிலும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் லினக்ஸ் போட்டு ஓட்டலாம் என்று முடிவெடுப்பவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். பத்துப் பதினைந்து வருடப் பழைய கணினியில்கூட ஒலி, கீபோர்டு, நெட்வொர்க், யுஎஸ்பி எல்லாம் பெரும்பாலும் யாரும் எதுவும் செய்யாமலே வேலை செய்துவிடும். தகராறு வருவது திரையில்தான். நிறுவி முடித்து மறுபடி பூட் செய்தால் கறுப்புத் திரை நிற்கும். அல்லது படம் வரும், ஆனால் எழுத்துகள் பெரிது பெரிதாகத் தெரியும். அல்லது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், ஒரு ஜன்னலை நகர்த்தினாலே மின்விசிறி இரையத் தொடங்கும். உடனே பெரும்பாலோர் செய்யும் காரியம், கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் இருப்பதிலேயே புதிய டிரைவரைத் தேடுவது. விண்டோஸில் பழகிய கை அங்கேதான் போகும். பழைய கணினியில் சிறிய கோளாறைப் பெரியதாக்குவது பல சமயம் இந்த முதல் காரியம்தான். எது புதிய டிரைவர் என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இப்போது வேலை செய்துகொண்டிருப்பது எந்த டிரைவர்? அதைப் பராமரிப்பது யார்?

இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்பது லினக்ஸில் திரைக்குப் படம் வந்து சேரும் வழியைப் பார்த்தால் விளங்கும். அடியில் கிராஃபிக்ஸ் சிப். அதன் மேல் கெர்னல் என்ற மையப் பகுதி. சிப்போடு நேரடியாகப் பேசுவதும் திரையின் அளவைத் தீர்மானிப்பதும் அதற்குள் இருக்கும் டிரைவர்தான். அதற்கும் மேலே மேசா என்ற நிரல் தொகுப்பு. முப்பரிமாணப் படம் வரையச் சொல்லி மென்பொருள்கள் தரும் ஆணைகளைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. இவற்றின் மேல்தான் எக்ஸ் அல்லது வேலண்ட் என்னும் திரை நிர்வாகி உட்கார்ந்திருக்கிறது. நாம் பார்க்கும் டெஸ்க்டாப் கடைசி அடுக்கு. முன்பெல்லாம் திரையின் அளவை நிர்ணயிக்கும் வேலையை எக்ஸ் நிரலே செய்துவந்தது. 2009இல் கெர்னல் 2.6.29 வெளியானபோது இன்டெல் சிப்புகளுக்கு அந்த வேலை கெர்னலுக்குள் வந்தது. ஏஎம்டியின் ரேடியான் சிப்புகளும் என்விடியா சிப்புகளும் அடுத்த ஒரு வருடத்துக்குள் பின்தொடர்ந்தன. அதனால்தான் இன்று கெர்னல் டிரைவர் தடுமாறினால் லாகின் பக்கம் வரும் முன்பே திரை இருண்டுவிடுகிறது. பழைய வழிகாட்டிகளில் எக்ஸ் நிரலுக்கான அமைப்புக் கோப்பைத் திருத்தச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி. இன்றைய கணினியில் அப்படி ஒரு கோப்பு இல்லாமல் இருப்பதே நல்ல நிலை. எப்போதோ எழுதி மறந்த கோப்பு கிடந்தால் அதுவே தகராறுக்குக் காரணமாகலாம்.

கெர்னலுக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசும் முறை நிலையானது அல்ல. வெளியில் ஓடும் மென்பொருள்களுக்குக் கொடுத்த வாக்கை லினக்ஸ் கவனமாகக் காப்பாற்றும். உள்ளுக்குள் இருக்கும் ஏற்பாடுகளையோ வேண்டும்போது மாற்றிக்கொள்ளும். இது கவனக்குறைவால் நேர்வதல்ல, தெரிந்தே வைத்திருக்கும் கொள்கை. உள் ஏற்பாட்டை மாற்றுகிறவர், கெர்னலின் மூல நிரலுக்குள் இருக்கும் எல்லா டிரைவர்களையும் அந்த மாற்றத்துக்கு ஏற்பத் திருத்தித் தர வேண்டும் என்பது வழக்கம். வீட்டுப் பூட்டை மாற்றினால் உள்ளே குடியிருப்பவருக்குப் புதுச் சாவி அப்போதே கிடைத்துவிடும். வெளியூரில் இருப்பவர் பழைய சாவியோடு வந்து வாசலில் நிற்பார். என்விடியாவின் மூடிய டிரைவரும் ஏஎம்டியின் பழைய கேட்டலிஸ்ட் டிரைவரும் வெளியூர்க்காரர்கள். நிறுவனத்துக்கு அந்தக் கார்டில் அக்கறை இருக்கும்வரை ஒவ்வொரு கெர்னலுக்கும் ஏற்பப் புதுப்பித்துத் தருவார்கள். அக்கறை தீர்ந்த நாளோடு அந்த டிரைவர் உறைந்துவிடும். கெர்னல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ரேடியான் எச்டி 4000 வரிசையைப் பாருங்கள். 2008இல் சந்தைக்கு வந்தது. அதற்கு இரண்டு டிரைவர்கள் இருந்தன. ஏஎம்டியே தந்த மூடிய கேட்டலிஸ்ட் ஒன்று. 2007இல் ஏஎம்டி தன் சிப்புகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியதால் வளர்ந்த திறந்த டிரைவர் இன்னொன்று. நான்கே ஆண்டுகளில், 2012இல், எச்டி 2000, 3000, 4000 வரிசைகளைக் கேட்டலிஸ்ட் ‘பழையவை’ என்று ஒதுக்கிவிட்டது. 2016இல் உபுண்டு 16.04 வெளியானபோது கேட்டலிஸ்டே அதில் இடம்பெறவில்லை. திறந்த டிரைவரின் கதை வேறு. கெர்னலுக்குள் ரேடியான் என்ற பெயரிலும் மேசாவுக்குள் ஆர்600 என்ற பெயரிலும் அது இன்றும் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் ஆர்600இன் உள்கட்டமைப்பையே புதிதாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்கும் மூத்தது, 2002இல் வந்த ரேடியான் 9700ஐத் தலைமகனாகக் கொண்ட ஆர்300 குடும்பம். அதற்கான டிரைவரிலும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரே சிப், இரண்டு டிரைவர்கள். எந்த டிரைவர் எத்தனை காலம் நீடிக்கும் என்பது சிப்பின் திறமையைச் சார்ந்திருக்கவில்லை. டிரைவர் எங்கே குடியிருந்தது என்பதைச் சார்ந்திருந்தது.

என்விடியா பக்கத்தில் இந்த வேறுபாடு இன்னும் கடுமையாகத் தெரியும். நம் ஊர் அசெம்பிள் கணினிகளில் பலர் பார்த்திருக்கக்கூடிய ஜிஃபோர்ஸ் 210ஐ எடுத்துக்கொள்வோம். 2009இல் வந்த சிறிய, மலிவான கார்டு. என்விடியா தன் பழைய கார்டுகளைத் தலைமுறை வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி டிரைவர் கிளையை ஒதுக்கியிருக்கிறது. ஜிஃபோர்ஸ் 6, 7 வரிசைகளுக்கு 304. ஜிஃபோர்ஸ் 8, 9, 200 வரிசைகளுக்கு 340. 400, 500 வரிசைகளுக்கு 390. 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு 470. இவற்றில் 304இன் ஆதரவு 2017 இறுதியோடும், 340இன் ஆதரவு 2019 இறுதியோடும், 390இன் ஆதரவு 2022 இறுதியோடும், 470இன் ஆதரவு 2024இலும் முடிந்தன. ஆக, ஜிஃபோர்ஸ் 210க்கு நிறுவனம் தந்த கடைசி டிரைவர் 340.108, வந்தது 2019 டிசம்பரில். அதற்குப் பிறகு வெளியான கெர்னல்கள் எதற்கும் அது எழுதப்படவில்லை. ஆர்வலர்கள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டிவருகிறார்கள். அவர்களுடைய உழைப்பு பெரிது, ஆனால் அடுத்த கெர்னலுக்கும் ஒட்டு கிடைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இந்தக் கார்டில் மூடிய டிரைவரைப் போட்டு ஒருவர் நிம்மதியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் வழக்கமான அப்டேட்டில் புதிய கெர்னல் வருகிறது. ஒவ்வொரு கெர்னலுக்கும் வெளி டிரைவரைத் தானாக மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு பின்னணியில் ஓடுகிறது. உறைந்துபோன டிரைவர் புதிய கெர்னலோடு பொருந்தாமல் கட்டுமானம் தோற்கிறது; அந்தச் செய்தி நூறு வரிகளுக்கு நடுவில் ஓடி மறைகிறது. மறுபடி பூட் செய்தால் கறுப்புத் திரை. மூடிய டிரைவர் இல்லாவிட்டால் என்ன, கெர்னலுக்குள் இருக்கும் நூவோ என்ற திறந்த டிரைவர் பொறுப்பேற்றுக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். இரண்டும் ஒரே கார்டுக்குப் போட்டிபோடக் கூடாது என்பதற்காக, மூடிய டிரைவரை நிறுவும்போதே நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் சிறு கோப்பு ஒன்றும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆக, வந்தவரால் வேலை செய்ய முடியவில்லை; இருந்தவருக்கு அனுமதி இல்லை. பழைய கணினியில் அப்டேட்டுக்குப் பிறகு வரும் கறுப்புத் திரைகளில் இந்த இரட்டைக் காரணத்தை அடிக்கடி காணலாம். இதற்குத் தீர்வு இன்னொரு டிரைவரைச் சேர்ப்பதில் இல்லை. பூட் மெனுவில் ‘மேம்பட்ட தேர்வுகள்’ பகுதிக்குப் போய் முந்தைய கெர்னலில் நுழைய வேண்டும். என்விடியா பொதிகளை அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து அகற்ற வேண்டும். தடைப்பட்டியல் கோப்பும், எக்ஸ் நிரலின் கோப்பில் என்விடியா பெயரைச் சொல்லும் வரியும் மிச்சமிருந்தால் அவற்றையும் நீக்க வேண்டும். பூட்டுக்கான தொடக்கத் தொகுப்பை மறுபடி உருவாக்கிவிட்டு மறுபடி பூட் செய்ய வேண்டும். டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்து நேராக இறக்கிப் போட்டிருந்தால் பொதி மேலாளருக்கு அது தெரியாது. அதனுடைய நிறுவியையே நீக்கச் சொல்லி ஓட்ட வேண்டும். லினக்ஸில் டிரைவரை இணையதளத்திலிருந்து நேராக இறக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

எதையும் அகற்றும் முன், கோளாறு உண்மையில் டிரைவரில்தானா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். கணினியை ஆன் செய்ததும் முதலில் வரும் நிறுவனத்தின் லோகோவைப் பாருங்கள். அப்போது லினக்ஸ் இன்னும் எழவே இல்லை. அங்கேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் எந்த டிரைவரும் உதவாது. கார்டோ மதர்போர்டோ கேபிளோ பழுது. இப்படிப் பழுதான சிப்புகள் உண்டு என்பது ஊரறிந்த உண்மை: 2008 ஜூலையில், லேப்டாப் சிப்புகளின் உறைக் கட்டுமானத்தில் இருந்த குறைபாட்டுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியாவே அறிவித்தது. அந்தக் காலத்து லேப்டாப் ஒன்று சூடேறியபின் தடுமாறினால், டிரைவரைச் சந்தேகிக்கும் முன் விசிறியின் தூசியையும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டையும் பார்ப்பது நல்லது. திரை 1024க்கு 768 என்ற அளவுக்கு மேல் போக மறுத்தால் விஜிஏ கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். மானிட்டர் தன் பெயரையும் தன்னால் காட்ட முடிந்த அளவுகளையும் அந்தக் கேபிளின் சில ஊசிகள் வழியாகத்தான் கணினிக்குச் சொல்கிறது. ஊசி வளைந்திருந்தாலோ மலிவுக் கேபிளில் அந்தக் கம்பியே இல்லாவிட்டாலோ, எதிரில் இருப்பது எந்த மானிட்டர் என்று தெரியாமல் கெர்னல் பத்திரமான ஓர் அளவைத் தேர்ந்துகொள்கிறது. கேபிளை மாற்றினால் போதும். இன்னொன்று: கறுப்புத் திரை வந்ததும் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரையாவது கிடைக்க வாய்ப்புண்டு.

அந்த எழுத்துத் திரையிலோ, டெஸ்க்டாப் வந்தால் டெர்மினலிலோ, கணினியிடமே கேட்டுவிடலாம். எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு ஒரு ஹைஃபனும் கே எழுத்தும் கொடுத்தால் கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு சாதனமும் வரிசையாக வரும். விஜிஏ என்ற சொல் வரும் வரியில் சிப்பின் பெயர் இருக்கும். அதன் கீழே, பயன்பாட்டில் இருக்கும் கெர்னல் டிரைவர் எது என்ற வரி இருக்கும். அந்த இரண்டாவது வரியே இல்லையென்றால் சிப்பை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். டிரைவர் இருந்தும் எல்லாம் மந்தமாக இருந்தால் மேசா அடுக்கைப் பார்க்க வேண்டும்: மேசாவின் சோதனைக் கருவியான ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை ஓட்டினால் வரைபவர் யார் என்ற வரியில் சிப்பின் பெயர் வர வேண்டும். அங்கே எல்எல்விஎம்பைப் என்ற பெயர் வந்தால், படம் வரையும் வேலை முழுவதையும் பிராசஸரே சுமக்கிறது. விசிறி இரைவதற்கும் ஜன்னல் தள்ளாடுவதற்கும் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. இந்த இரண்டு விடைகளோடு கெர்னலின் பதிவேட்டில் தோல்வி என்று குறிக்கும் வரிகளையும் சேர்த்து வைத்துக்கொண்டால், பத்துப் பேருடைய யூகங்களைவிட அது மேலான சான்று.

பதிவேட்டில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு தோல்வி, ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்பது. ரேடியான் சிப்புகள் முழு வேகத்தில் ஓட, கணினி எழும்போது சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு நிரல் ஒன்று வேண்டும். டிரைவர் திறந்தது என்றாலும் இந்த நிரல் நிறுவனம் தருவது. அதனால் டெபியன் நெடுங்காலம் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமலே இருந்தது. 2022இல் அதன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து முடிவை மாற்றினார்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. அதற்கு முந்தைய டெபியனைப் போட்டுவிட்டு ரேடியான் கார்டு மோசம் என்று முடிவுகட்டியவர்களுக்கு, தேவைப்பட்டது ஒரே ஒரு பொதி.

பூட் வரியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேருங்கள், திரை வந்துவிடும் என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கும். திரை வருவது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் செய்யும் வேலை என்ன என்று சொல்பவர்கள் குறைவு. கெர்னலுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர்களைத் திரைப் பொறுப்பை ஏற்காமல் அது ஒதுங்கி நிற்க வைக்கிறது. கணினி எழும்போது பயாஸ் அமைத்துத் தந்த எளிய திரையோடு காலம் தள்ளச் சொல்கிறது. முப்பரிமாண வேகம் போய்விடும், அளவு உயராது, லேப்டாப்பில் வெளிச்சத்தைக் குறைக்கும் விசைகள் வேலை செய்யாமல் போகும், தூங்க வைத்த கணினி எழுவதிலும் தகராறு வரும். நிறுவும்போது உள்ளே நுழைவதற்கும், கோளாறு கெர்னல் டிரைவரில்தான் என்று நிரூபிப்பதற்கும் அது அருமையான கருவி. உள்ளே நுழைந்து காரணத்தைச் சரிசெய்த பிறகு அதை எடுத்துவிட வேண்டும். நிரந்தரமாக விட்டுவைத்துவிட்டு ‘லினக்ஸ் இந்தக் கணினியில் மெதுவாகத்தான் ஓடுகிறது’ என்று சொல்வது, ஒதுக்கி வைத்த டிரைவரின் மேல் பழிபோடுவதாகிவிடும்.

டிரைவரின் தலையில் தவறாக விழும் இன்னொரு பழி, வீடியோ. யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய காட்சிகளை அனுப்புகிறது. 2010ஐ ஒட்டி வந்த சிப்புகளில் எச்264 காட்சியை விரிக்கும் வன்பொருள் பலவற்றில் உண்டு; விபி9ஐ விரிக்கும் வன்பொருள் கிடையாது. சிப் கற்காத மொழியில் காட்சி வந்தால் பிராசஸர்தான் அதை முழுக்க விரித்தாக வேண்டும். டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் இது மாறாது. எச்264 காட்சிகளையே கேட்டுப் பெறும் பிரவுசர் நீட்சியைப் போட்டாலோ 480 அளவுக்குக் குறைத்தாலோ உடனே மாற்றம் தெரியும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவதும் வலுவானதும் வேகம் பற்றியது: என்விடியா கார்டில் மூடிய டிரைவர் திறந்த டிரைவரைவிட வேகமானது, பிறகு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? வேகம் பற்றிய அந்தக் கூற்று சரியே. நூவோ, நிறுவனத்தின் ஆவணங்கள் இல்லாமல், சிப்பின் நடத்தையைக் கவனித்துக் கவனித்து எழுதப்பட்ட டிரைவர். என்விடியா சிப்புகள் எழும்போது குறைந்த வேகத்தில் எழும். வேலைக்கு ஏற்ப வேகத்தை உயர்த்துவது டிரைவரின் பொறுப்பு. 600, 700 வரிசைகளின் கெப்லர் போன்ற சில தலைமுறைகளில் நூவோவில் அதைக் கையால் உயர்த்தலாம், தானாக நடக்காது. 2014இன் பிற்பகுதியில் ஜிஃபோர்ஸ் 900 வரிசை வந்ததிலிருந்து, என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் வேகத்தைத் தொடவே முடியாதபடி சிப் பூட்டப்பட்டது. 900, 1000 வரிசைக் கார்டுகள் நூவோவில் தவழ்வதற்கு அதுவே காரணம். 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் டிரைவரைத் திறந்த நிரலாக வெளியிட்டபோதும் டூரிங் என்ற 2018 தலைமுறை முதலான சிப்புகளுக்கே அது பயன்பட்டது. ஆகவே முப்பரிமாண விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ வேண்டும் என்பவரிடம் நூவோ போதும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜிஃபோர்ஸ் 210 இருக்கும் கணினியில் பெரும்பாலும் நடக்கும் வேலை என்ன? கடிதம் அடிப்பது, இணையம் பார்ப்பது, பிள்ளைகளின் பாடம், கணக்கு. இவற்றுக்கு நூவோவின் வேகம் போதும். மூடிய டிரைவர் தரும் கூடுதல் வேகத்தை இந்த வேலைகளில் உணர முடியாது. அப்டேட் தோறும் அது கொண்டுவரும் அபாயத்தை உணர முடியும்.

அப்படியானால் அப்டேட்டையே நிறுத்தி, 340 டிரைவரோடு பொருந்தும் பழைய கெர்னலை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்பார்கள். இணையத்தோடு தொடர்பே இல்லாத கணினியில், உதாரணமாக ஒரு கடையின் பில் போடும் கணினியிலோ ஒரு கருவியோடு மட்டும் பேசும் கணினியிலோ, அது நியாயமான முடிவு. வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறக்கும் கணினியில் அதை நான் ஏற்க மாட்டேன். 340 டிரைவரோடு இயல்பாகப் பொருந்திய 5.4 கெர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 டிசம்பரோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10ஐ விட்டு வந்ததே பாதுகாப்புத் திருத்தம் நின்றதால்தானே. அதே நிலையை லினக்ஸில் நாமே உருவாக்கிக்கொள்வதில் பொருள் இல்லை. பழைய சிப்போடு புதிய கெர்னலை ஓட்ட வேண்டும். அது சாத்தியமாவது டிரைவர் கெர்னலுக்குள் இருக்கும்போதுதான்.

கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களும் சாகின்றனவே என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். சாகின்றன. 2022இல் மேசா 22.0 தன் பழைய பாணி டிரைவர்களை வெளியேற்றியது. 2023இல் கெர்னல் 6.3, எஸ்ஐஎஸ், சேவேஜ், வூடூ போன்ற 1990களின் சிப்புகளுக்கான முப்பரிமாணப் பகுதிகளை நீக்கியது. சில சிப்புகளுக்கு நல்ல டிரைவர் பிறக்கவே இல்லை. 2008ஐ ஒட்டி வந்த நெட்புக்குகள் சிலவற்றில் இருந்த ஜிஎம்ஏ 500 பெயருக்குத்தான் இன்டெல். உள்ளே இருந்தது இமேஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர். அதற்குக் கெர்னல் தருவது படத்தைத் திரையில் காட்டும் டிரைவரை மட்டுமே. முப்பரிமாண வேகம் இல்லை. ஆனால் இந்த மரணங்களையும் மூடிய டிரைவரின் மரணத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது. கெர்னல் நீக்கியது இருபது ஆண்டுகளைத் தாண்டிய, பயன்படுத்துவோர் அநேகமாக இல்லாத பகுதிகளை. மேசா வெளியேற்றிய டிரைவர்களோ ஆம்பர் என்ற தனிக் கிளையில் நிரலாக இன்னும் இருக்கின்றன. அந்த நீக்கத்துக்கு முன்பாகவே, 2021இல், 2006 முதல் 2013 வரையிலான இன்டெல் சிப்புகளுக்கு குரோகஸ் என்ற புதிய டிரைவரை எழுதி முடித்திருந்தார்கள். நிரல் பொதுவில் இருந்தால் நிறுவனம் கைவிட்ட பிறகும் வேறொருவர் எடுத்துச் செய்யலாம். 340 டிரைவரின் மூடிய பகுதியை அப்படி எடுத்துச் செய்ய யாராலும் முடியாது.

இன்டெல் சிப்புகளிலும் இதே தர்க்கம் வேறு உருவில் வரும். இன்டெலுக்கென்று எக்ஸ் நிரலில் ஒரு தனி டிரைவர் இருந்தது. 2014க்குப் பிறகு அதற்குப் புதிய வெளியீடு இல்லை. 2016ஐ ஒட்டி டெபியன், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் 2006க்குப் பிந்தைய இன்டெல் சிப்புகளுக்கு அதை விட்டுவிட்டு, எக்ஸ் நிரலோடே வரும் பொதுவான மோட்செட்டிங் டிரைவருக்கு மாறின. பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து அந்தத் தனி டிரைவரை மறுபடி நிறுவி, எழுத்துகள் சிதறுவதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு; அதை நீக்கினாலே திரை தெளிந்துவிடும். விதிவிலக்கும் சொல்லிவிட வேண்டும்: 945 சிப்செட் போன்ற மூன்றாம் தலைமுறைச் சிப்புகளுக்கு அந்தப் பழைய தனி டிரைவரே இன்றும் ஏற்றது. சிப்பின் பெயரை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

கட்டளை அடிப்பதும் பதிவேடு படிப்பதும் சாதாரண மனிதருக்கு ஆகுமா என்பது கடைசி எதிர்வாதம். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வெறும் கற்பனை அல்ல. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர்களின் கைக்குப் போனது. சொல்லித்தர ஆளிருந்தால் பள்ளி மாணவர்கள் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் இது. அதற்கும் தயங்குபவருக்கு ஒரு கட்டளைகூட இல்லாத வழி இருக்கிறது. லினக்ஸ் மின்டையோ டெபியனையோ பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். பென்டிரைவில் திரை சரியாக வந்து, ஹார்டு டிஸ்க்கில் நிறுவியதில் மட்டும் வரவில்லையென்றால் சிப்பும் கெர்னல் டிரைவரும் நலமாக இருக்கின்றன. நிறுவியதற்குப் பிறகு சேர்க்கப்பட்ட ஏதோ ஒன்றுதான் தகராறு. பென்டிரைவிலும் அதே கோளாறு என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப்போடு இன்னொன்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு வன்பொருள் பக்கம் திரும்பலாம்.

வன்பொருள்தான் பழுது, அல்லது நூவோ அந்தக் கார்டில் அடிக்கடி உறைந்துபோகிறது என்று உறுதியானால், டெஸ்க்டாப் கணினியில் கார்டை மாற்றுவது வெட்கப்பட வேண்டிய தோல்வி அல்ல. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கார்டு வாங்குபவர்கள் மெமரி எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். லினக்ஸுக்கு வாங்குபவர் சிப் எந்தக் குடும்பம் என்று கேட்க வேண்டும். ஜிஃபோர்ஸ் 210க்குச் சில மாதங்கள் பின்னால், 2010 பிப்ரவரியில் வந்த ரேடியான் எச்டி 5450 ஏறக்குறைய அதே அளவு எளிய கார்டு. தனி மின் இணைப்பு கேட்காது, விசிறியே இல்லாத மாடல்களும் உண்டு, அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எச்டி 7700 போன்ற 2012 கார்டு கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தத் தலைமுறைக்கான திறந்த டிரைவரில் 2025இலும் புதிய திறன்கள் சேர்ந்திருக்கின்றன. வாங்கும் முன் பெட்டியின் பவர் சப்ளை எத்தனை வாட், கேபினெட்டில் கார்டின் நீளத்துக்கு இடம் உண்டா, மானிட்டரில் இருக்கும் இணைப்பு கார்டிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கார்டைக் கழற்றும் முன், அதே லினக்ஸுக்குள் நுழைந்து என்விடியா பொதிகளை முழுதாக நீக்கி, ரேடியான் ஃபர்ம்வேர் பொதி இருக்கிறதா என்று உறுதி செய்து, அதற்குப் பிறகு கணினியை அணையுங்கள்.